ஆங்கில வாத்தியாரின் சுடுதளம்

சன்னி தாமஸ் 1993 முதல் 2012 வரை இந்தியத் துப்பாக்கி சுடுதல் அணியின் தேசியப் பயிற்சியாளராக இருந்தவர். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் இந்தியா இந்த விளையாட்டில் ஒரு தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் என்று நான்கு ஒலிம்பிக் பதக்கங்களை வென்றது. அதற்கு முன்னால் கணக்கு பூஜ்யம். 2025 ஏப்ரல் 30 அன்று, கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்து உழவூரில், 83 வயதில் அவர் காலமானார். ராணுவத்திலிருந்தோ காவல்துறையிலிருந்தோ இந்த வேலைக்கு வந்தவர் அல்லர். ஊர்க் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய பேராசிரியர்.

அவரே ஒரு சாம்பியன்தான். ஆனால் அவர் பட்டம் வாங்கிய பிரிவு ஒலிம்பிக்கில் கிடையாது. அவருடைய அணி ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய பிரிவுகளான டபுள் ட்ராப், பத்து மீட்டர் ஏர் ரைபிள், ரேபிட் ஃபயர் பிஸ்டல் ஆகியவற்றுக்கும் அவருடைய பழைய பட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. துப்பாக்கி வேறு, தூரமும் வேறு. இவ்வளவு இடைவெளிக்கு நடுவில் ஒரு பயிற்சியாளர் என்னதான் கற்றுக்கொடுத்திருக்க முடியும் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு அவரை நினைவுகூர்வதில் பொருள் இல்லை.

1941 செப்டம்பர் 26 அன்று கோட்டயம் மாவட்டத்துத் திடநாட்டில் பிறந்தார். வேலை பார்த்தது உழவூர் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில். பெயரைக் கேட்டதும் டெல்லிக் கல்லூரியை நினைக்க வேண்டாம். இது கேரளத்தின் கிராமப்புறக் கல்லூரி. குடியரசுத் தலைவராக இருந்த கே.ஆர். நாராயணனின் சொந்த ஊரும் உழவூர்தான். பாடம் நடத்திய நேரம் போக ரைபிளோடு இருந்தவர், கேரள மாநில சாம்பியன் பட்டத்தை ஐந்து முறை வென்றார். 1976-இல் ரைபிள் ஓபன் சைட் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனார்.

ஓபன் சைட் என்பதை என்.சி.சி.யில் ரைபிள் பிடித்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழலின் பின்பகுதியில் ஒரு சிறு பள்ளம், அது பேக்சைட். குழலின் நுனியில் நிமிர்ந்து நிற்கும் ஒரு முள், அது ஃபோர்சைட் டிப். பள்ளத்தின் நடுவில் முள்ளை நிறுத்தி, முள்ளின் தலையில் இலக்கை உட்கார வைக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. சிக்கல் கண்ணில் இருக்கிறது. கைக்கருகில் இருக்கும் பள்ளம், முக்கால் மீட்டர் தள்ளியிருக்கும் முள், தொலைவில் இருக்கும் இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க மனிதக் கண்ணால் ஆகாது. ஏதாவது ஒன்றுதான் துலங்கும், மற்ற இரண்டும் கலங்கும். தேறியவர்கள் முள்ளைத் தெளிவாக வைத்துக்கொண்டு இலக்கை மங்க விட்டுவிடுவார்கள். முள் மயிரிழை விலகினாலும் தூரத்தில் அது விரற்கடைக் கணக்கில் விலகும் என்பதே காரணம். விளையாட்டுக் கட்டுரைகளில் தவறாமல் வந்து நிற்கும் அர்ச்சுனன் கதை இந்த இடத்தில் செல்லாது. பறவையின் கண்ணை மட்டும் பார்க்கிறேன் என்று ஓபன் சைட் ரைபிளை எடுத்தவர் சொன்னால், குண்டு பறவையைத் தாண்டி வேறெங்கோதான் போகும்.

ஒலிம்பிக் ரைபிள்களில் இருப்பது பீப் சைட். கண்ணை ஒட்டி ஊசித்துளை போன்ற ஒரு சிறு ஓட்டை, குழலின் நுனியில் ஒரு வளையம். சிறு துளை வழியே பார்க்கும்போது கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஓரளவு சேர்ந்தே தெளிகின்றன. வளையத்துக்குள் இலக்கின் கருவட்டம் ஒரே சீராக அமர்ந்தால் விசையை அழுத்தலாம். ஓபன் சைட்டிலிருந்து இதற்கு மாறுவது, ஹார்மோனியத்திலிருந்து வயலினுக்கு மாறுவது போன்றது. ராகம் தெரிந்திருக்கும், விரல் புதிதாகப் பழக வேண்டும்.

இந்தியாவில் ஓபன் சைட் பிரிவு பிழைத்திருந்ததற்குக் காரணம் பணம். பீப் சைட் பொருத்திய ஜெர்மன், ஆஸ்திரிய ரைபிள்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. உரிமம், இறக்குமதி அனுமதி, சுங்கம் எல்லாம் தாண்டி ஒன்றை வாங்கும் சக்தி கல்லூரி ஆசிரியருக்கும் மாணவனுக்கும் அன்று கிடையாது. அவர்கள் கைக்கு எட்டியது ஓபன் சைட் ரைபிள்தான். அந்த வரிசையிலிருந்து வந்த ஒருவர் தேசிய அணிக்குப் பயிற்சியாளரானது, இந்த விளையாட்டின் இந்திய வரலாற்றை அறிந்தவர்களுக்கு லேசான வியப்பைத் தரும்.

அந்த வரலாறு அரண்மனைகளில் தொடங்கியது. தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் உருவானது. மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மவ்லங்கர் அதன் முதல் தலைவர். நெடுங்காலம் சர்வதேசப் போட்டிக்குப் போனவர்களில் கண்ணில் பட்டவர்கள் மன்னர் வீட்டுப் பிள்ளைகள். பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962-இல் கெய்ரோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ட்ராப் பிரிவில் வெள்ளி வென்றார். தங்கத்துக்கு நடந்த சமன்முறிவுச் சுற்றில்தான் தோற்றார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டார். பாட்டியாலா அரச குடும்பத்து ரந்தீர் சிங் 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் ட்ராப் தங்கம் வென்றார். இருவருடைய திறமையிலும் சந்தேகம் இல்லை. ஆனால் ட்ராப் பிரிவில் வானத்தில் பறக்கும் களிமண் தட்டைச் சுட ஷாட்கன் வேண்டும், பெட்டி பெட்டியாகக் கார்ட்ரிட்ஜ் வேண்டும், பரந்த மைதானம் வேண்டும். வேட்டைப் பழக்கம் உள்ள குடும்பங்களுக்கே அது கட்டுப்படியானது.

1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்காக துக்ளகாபாத்தில் கட்டப்பட்ட சுடுதளத்துக்குக் கர்ணி சிங்கின் பெயர் பின்னர் வந்தது. இடிந்த கோட்டை மதிலும் முட்காடுமாக இருக்கும் அந்தப் பகுதியில் இந்தியாவுக்கு ஓர் உலகத்தரச் சுடுதளம் அமைந்துவிட்டது. சுட வந்த கூட்டம்தான் மெல்ல மாறியது. ஏர் ரைபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் வெடிமருந்து தேவையில்லை. பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம் போதும். மும்பை, சண்டிகர், ஹைதராபாத் நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கூடங்களுக்குள் நுழைந்த காலமும், உழவூர்ப் பேராசிரியர் தேசியப் பயிற்சியாளரான காலமும் ஒன்றே.

பொறுப்பேற்ற மறு ஆண்டே முதல் வெளிச்சம் வந்தது. 1994-இல் மிலானில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பதினெட்டு வயது ஜஸ்பால் ராணா ஜூனியர் ஸ்டாண்டர்ட் பிஸ்டலில் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் சென்டர் ஃபயர் பிஸ்டல் தங்கமும் அவருக்குத்தான். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த மொத்தத் தங்கமே நான்கு. ஒன்று கபடி, இரண்டு லியாண்டர் பயஸ் பங்கெடுத்த டென்னிஸ், நான்காவது இந்தப் பையனுடையது. செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கத்தில் துப்பாக்கி சுடுதலுக்கு நிரந்தர இடம் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த திருப்பம் 2000 சிட்னி. அஞ்சலி பாக்வத் பத்து மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றுக்கு முன்னேறி எட்டாவது இடம் பிடித்தார். பதக்கம் இல்லைதான். ஆனால் என்.சி.சி.யில் ரைபிள் பிடிக்கத் தொடங்கிய ஒரு மும்பைப் பெண் ஒலிம்பிக்கின் கடைசி எட்டுப் பேரில் நின்றாள் என்பது பின்னால் வந்தவர்களுக்குப் பதக்கத்துக்கு ஒப்பான செய்தி. அதே சிட்னியில் ஆண்கள் ஏர் ரைபிளில் 590 புள்ளிகளோடு பதினோராம் இடத்தில் முடித்த சிறுவனுக்கு வயது 17. பெயர் அபினவ் பிந்த்ரா. 2001-இல் சன்னி தாமஸுக்குத் துரோணாச்சார்யா விருது வழங்கப்பட்டது.

தேசியப் பயிற்சியாளர் என்ற பதவியை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதில் தவறாகப் புரிந்துகொள்வார்கள். கால்பந்தில் போலக் கோட்டுக்கு வெளியே நின்று கத்த முடியாது. சுடுபவர் வரிசையில் நின்ற பிறகு வாய்மொழியாக யோசனை சொல்ல விதி இடம் தராது. பயிற்சியாளர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, சீடனின் முதுகையும் திரையில் விழும் எண்ணையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முகாம் நடத்துவது, தேர்வுப் போட்டிகளில் யார் சராசரி யாரை விட அரைப் புள்ளி கூட என்று பார்ப்பது, எந்தப் போட்டிக்கு யாரை அனுப்பினால் ஒலிம்பிக் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போடுவது, துப்பாக்கிப் பெட்டிகளோடு ஒரு கூட்டத்தை விமான நிலையங்கள் வழியாகக் கொண்டுபோய்க் கொண்டுவருவது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி உரிமம், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி அனுமதி. ஒரு கையெழுத்து விடுபட்டால் ரைபிள் ஒரு நாட்டில், ஆள் ஒரு நாட்டில்.

இதற்கு மேல் இந்தியாவில் இன்னொரு நிலவரம் உண்டு. தேசிய அணிக்கு வருபவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. அஞ்சலி பாக்வத், சுமா ஷிரூர், தீபாலி தேஷ்பாண்டே மூவரையும் மும்பையில் வளர்த்தெடுத்தவர் சஞ்சய் சக்கரவர்த்தி. அவரும் துரோணாச்சார்யா விருது பெற்றவர், 2021 ஏப்ரலில் கொரோனாவில் மறைந்தார். ராஜ்யவர்தன் சிங் ரத்தோரும் விஜய் குமாரும் ராணுவத்தின் மோவ் சுடுதளத்தில் உருவானவர்கள். பிந்த்ராவுக்குச் சண்டிகரில் தொடக்க ஆசான்கள் உண்டு, பின்னர் ஜெர்மனியில் காபி பியூல்மன், ஹைன்ஸ் ரைன்கெமையர் என்ற இருவர். தேசிய முகாமிலேயே ஹங்கேரியின் லாஸ்லோ சூச்சாக், கஜகஸ்தானின் ஸ்டானிஸ்லாவ் லாபிடஸ், பிஸ்டலுக்கு ரஷ்யாவின் பாவெல் ஸ்மிர்னோவ் என்று வெளிநாட்டு நிபுணர்கள் வந்து போனார்கள். இத்தனை ஆசான்களுக்கு மேல் ஒரு ஆசான் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி.

பதில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பாடத்தைப் பாட ஆசிரியர் நடத்துவார். பரீட்சை ஹாலுக்குள் நுழையும் முன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்பவர் பெரும்பாலும் வேறொருவர். சன்னி தாமஸ் இந்திய அணிக்கு அந்த வேறொருவர். ராணுவ வீரரையும் கோடீஸ்வரர் வீட்டுப் பையனையும் நடுத்தர வீட்டுப் பெண்ணையும் ஒரே முகாமில் வைத்துச் சமாளிக்க, எந்த ஆயுதத்திலும் உச்ச நிபுணர் தேவையில்லை. எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துப் பழகிய ஒரு வாத்தியார் தேவை. ஓபன் சைட் ரைபிளில் தொடங்கியவர் என்பதும் உதவியிருக்கும்: அரண்மனையின் உதவி இல்லாமல் இந்த விளையாட்டில் மேலே வர முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

காமன்வெல்த் விளையாட்டுகளில் இந்தியா குவித்த தங்கங்கள் இந்தக் காலத்தவை. 2002 மான்செஸ்டரில் துப்பாக்கி சுடுதலில் மட்டும் 14, 2006 மெல்போர்னில் 16, 2010 டெல்லியில் மறுபடியும் 14. மெல்போர்னில் நாடு வென்ற 22 தங்கத்தில் இது ஏறக்குறைய முக்கால் பங்கு. சமரேஷ் ஜங் ஒருவரே அங்கே ஐந்து தங்கம் வாங்கினார். என்றாலும் சீனாவும் தென்கொரியாவும் ஜெர்மனியும் ரஷ்யாவும் இல்லாத போட்டி அது. அதை மட்டும் வைத்து ஒரு பயிற்சியாளரை எடை போட்டால் தராசு பொய் சொல்லும். 2006-இல் ஜாக்ரெபில் நடந்த உலக சாம்பியன்ஷிப் அப்படியல்ல. அங்கே பிந்த்ரா ஏர் ரைபிளிலும் மானவ்ஜித் சிங் சந்து ட்ராப்பிலும் உலக சாம்பியன்கள் ஆனார்கள். 2010-இல் மியூனிக்கில் தேஜஸ்வினி சாவந்த் படுத்துச் சுடும் ஐம்பது மீட்டர் ப்ரோன் பிரிவில் உலகப் பட்டம் வென்றார்.

ஒலிம்பிக் கணக்கு ஏதென்ஸில் தொடங்கியது. 2004 ஆகஸ்ட் 17 அன்று ரத்தோர் டபுள் ட்ராப்பில் 179 புள்ளிகளோடு வெள்ளி வென்றார். ஒரே நொடியில் இரண்டு தட்டுகள் பறக்கும், இரண்டையும் உடைக்க வேண்டும். தங்கம் வென்ற ஐக்கிய அரபு அமீரகத்தின் அகமது அல் மக்தூம் 189 எடுத்து எட்டாத உயரத்தில் இருந்தார். அவருக்குக் கீழே நடந்ததுதான் உண்மையான போட்டி, அதில் ரத்தோர் ஒரே புள்ளியில் முந்தினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் கிடைத்த முதல் ஒலிம்பிக் வெள்ளி அது.

அதே ஏதென்ஸில் பிந்த்ரா 597 புள்ளிகளோடு மூன்றாம் ஆளாக இறுதிக்குள் நுழைந்து ஏழாவதாக வெளியே வந்தார். அவர் நின்ற இடத்தின் தரைப்பலகை ஆட்டம் கண்டிருந்தது என்பது பிறகு தெரியவந்தது. ஏர் ரைபிளில் தரை ஆடுவது சாதாரண விஷயமல்ல. இலக்கின் பத்தாம் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். சுடும் பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். குண்டூசி முனையளவு புள்ளியைப் பட்டாணிக்கு இளைய ஓர் ஈயத்துண்டால் தொட வேண்டும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. தெரிவது மூன்று சென்டிமீட்டர் கருவட்டம் மட்டுமே. அதன் நடுவில் புள்ளி இருப்பதாக நம்பித்தான் சுட வேண்டும். கெட்டித் துணியும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான கோட்டு, இடுப்பெலும்பின் மேல் ஊன்றிய இடது முழங்கை, ஐந்தரைக் கிலோவுக்கு மிகாத ரைபிள். மூச்சை அரைவாசி விட்டு நிறுத்தினாலும் இதயம் நிற்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் குழலின் நுனி அசைகிறது.

நான்கு ஆண்டு கழித்து, 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். தகுதிச் சுற்றில் பிந்த்ரா 596; நான்காவது இடம். 598 எடுத்த ஃபின்லாந்தின் ஹென்றி ஹக்கினென் முன்னணியில். ஏதென்ஸில் தங்கம் வென்ற ஜூ சினான் உள்ளூர்க்காரர், கூடம் முழுக்க அவருடைய ஆட்கள். அணியில் இன்னொரு பிள்ளைக்கு அன்று வேறு கதை: ககன் நரங் 595 எடுத்தும், சமமாக நின்றவர்களின் கடைசி வரிசைப் புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கவுன்ட்-பேக்கில் இறுதி வாய்ப்பைப் பறிகொடுத்தார். இறுதிச் சுற்றுக்கு முன் பிந்த்ரா சோதனைக்காகச் சுட்ட குண்டு பத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் நாலில் விழுந்தது. ரைபிளின் சைட் இடம் மாறியிருந்தது. எப்படி மாறியது என்பது விளங்கவில்லை. இதை அவரே 2011-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். எஞ்சியிருந்த சில நிமிடங்களில் திருகைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டார்.

பிறகு சுட்ட பத்தும் பத்துக்குக் கீழே இறங்கவில்லை: 10.7, 10.3, 10.4, 10.5, 10.5, 10.5, 10.6, 10.0, 10.2. ஒன்பது முடிந்தபோது, தகுதிச் சுற்றுப் புள்ளிகளையும் சேர்த்து, அவரும் ஹக்கினெனும் 689.7 என்று புள்ளி பிசகாமல் சமம். ஒரு குண்டு மிச்சம். ஹக்கினென் சுட்டது 9.7. பிந்த்ரா சுட்டது 10.8, அன்று அவர் சுட்டதிலேயே சிறந்தது அதுதான். மொத்தம் 700.5. ஜூ சினான் 699.7-உடன் வெள்ளிக்குப் போனார், ஹக்கினென் வெண்கலத்துக்கு இறங்கினார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் இப்படித்தான் வந்தது. வென்றவர் துள்ளவுமில்லை, மண்டியிடவுமில்லை. கணக்கில் விடை சரியாக வந்த பையனைப் போல இருந்தார்.

இந்தத் தங்கத்துக்கு யார் ஆசான் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. வீட்டில் சொந்தச் சுடுதளம், ஜெர்மனியில் பயிற்சி, செலவுக்குத் தந்தை. இதில் தேசிய முகாமின் பங்கு எவ்வளவு? நேர்மையாகச் சொன்னால், கடைசி 10.8-க்குப் பின்னாலிருந்த நுட்பத்தில் பெரும்பகுதி ஜெர்மனிக்கும் பிந்த்ராவின் பிடிவாதத்துக்கும் சேர வேண்டியது. ஆனால் சன்னி தாமஸ் மறைந்த செய்தி வந்தபோது அதே பிந்த்ரா அவரைப் பயிற்சியாளர் என்பதோடு நிறுத்தவில்லை. பல தலைமுறைச் சுடுநர்களுக்கு வழிகாட்டி, தந்தையைப் போன்றவர் என்றார். தம்முடைய தொடக்க ஆண்டுகளில் அவருடைய பங்கு பெரிது என்றும், இந்தியா இந்த விளையாட்டில் எழுந்ததற்கு அடித்தளம் போட்டவர் என்றும் சொன்னார். பதினேழு வயதில் சிட்னிக்குப் போன பையன் பார்த்த தேசியப் பயிற்சியாளர் அவர்தானே. பதக்கம் எட்டு ஆண்டு கழித்து வந்தாலும், முதல் ஒலிம்பிக்கில் பக்கத்தில் நின்றவரை யாரும் மறப்பதில்லை.

2012 லண்டன் அவருடைய கடைசி ஒலிம்பிக். பெய்ஜிங்கில் கவுன்ட்-பேக்கில் வெளியேறிய நரங், 701.1 புள்ளிகளோடு ஏர் ரைபிளில் வெண்கலம் வென்றார். சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர் நரங். நான்கு நாள் கழித்து ராணுவ சுபேதார் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் 30 புள்ளிகளோடு வெள்ளி வென்றார். நான்கு நொடியில் ஐந்து இலக்குகளை வரிசையாகச் சுட்டு முடிக்க வேண்டிய பிரிவு அது. முள்ளையும் பள்ளத்தையும் நிதானமாகப் பொருத்திப் பார்ப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். ஐம்பது மீட்டர் ப்ரோனில் ஜாய்தீப் கர்மாகர் நான்காவதாக வந்தார். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம், மூன்றாவது கைக்கெட்டும் தூரத்தில். அந்த ஆண்டோடு சன்னி தாமஸின் தேசியப் பணி முடிந்தது.

அதன் பிறகு வந்த வறட்சியையும் சொல்லியாக வேண்டும். 2016 ரியோவில் பதக்கம் இல்லை. பிந்த்ரா சமன்முறிவுச் சுற்றில் தோற்று நான்காவது ஆனார். டோக்கியோவுக்குப் பதினைந்து பேர் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். திறமைக்குப் பஞ்சமில்லை, உலகக் கோப்பைகளில் அவர்கள் தங்கமாய்க் குவித்துக்கொண்டிருந்தார்கள். வசதியும் முன்னைவிடக் கூடியிருந்தது. அவர் விலகியதுதான் காரணம் என்று சொல்வது மிகை. ஒலிம்பிக் பதக்கத்துக்கு ரைபிளும் பெல்லட்டும் சம்பளம் வாங்கும் நிபுணர்களும் மட்டும் போதாது என்பதற்கு அந்த இரண்டு ஒலிம்பிக்குகள் ஓர் ஆதாரம், அவ்வளவு சொல்லலாம்.

2024 பாரிஸில் நிலைமை மாறியது. மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம், ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டர் த்ரீ பொசிஷனில் மூன்றாவது வெண்கலம். மூன்றுக்கும் பின்னால் நின்றவர்களைப் பார்த்தால் பழைய முகாமின் வருகைப் பதிவேடு தெரியும். மனு பாக்கரின் பயிற்சியாளர் ஜஸ்பால் ராணா, 1994-இன் அதே பையன். குசாலேயின் பயிற்சியாளர் தீபாலி தேஷ்பாண்டே, 2004 ஏதென்ஸ் அணியில் இருந்தவர். இந்திய அணிக்கே தலைவராகப் பாரிஸ் போனவர் ககன் நரங். ஏதென்ஸில் இறுதிச் சுற்று வரை போன சுமா ஷிரூர், பாராலிம்பிக்கில் டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வென்ற அவனி லேகராவின் பயிற்சியாளர். நரங் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர், 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றவர்.

சன்னி தாமஸ் 2001-இல் பெற்ற துரோணாச்சார்யா விருது, அவர் அணியில் சுட்டவர்களிடமே ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தது. 2020-இல் ஜஸ்பால் ராணா, 2022-இல் சுமா ஷிரூர், 2024-க்கான விருது தீபாலி தேஷ்பாண்டே. தீபாலி குடியரசுத் தலைவர் மாளிகையில் அதைப் பெற்றுக்கொண்டது 2025 ஜனவரி 17. உழவூரில் பேராசிரியர் மறைவதற்கு மூன்றரை மாதம் முன்பு.